கடைசி வரி யாருடையது?

ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் இயக்கிய ‘தொலைந்துபோனவளின் நாட்குறிப்பு’ (1929) பற்றிப் பேச்செடுத்தால், பார்த்தவர்களில் பாதிப்பேர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “படம் பிரமாதம், முடிவுதான் சொதப்பல்.” கேள்விக்கு அடங்காத ஒரு பெண்ணின் கதையைக் கொண்டுபோய் ஒரு பணக்காரக் கிழவரின் உபதேசத்தில் முடித்துவிட்டார்களே என்கிற ஆதங்கம் அது. ஆதங்கம் நியாயமானது. ஆனால் முடிவு மொத்தமும் சொதப்பல் என்று சொல்லும்போது அதற்குள் இருக்கும் மிகத் துணிச்சலான ஒரு செயலையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறோம் என்பது என் எண்ணம். அந்த முடிவில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று தைமியன் செய்வது. இன்னொன்று அவளைப் பற்றிக் கிழவர் சொல்வது. இரண்டும் ஒரே அறையில், ஓரிரு நிமிட இடைவெளியில் நடப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன. பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முடிவையும் சேர்த்துத்தான். கிட்டத்தட்ட நூறு வருஷத்துப் படத்துக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை தேவைப்படாது என்று நம்புகிறேன்.

தைமியன் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகள். ஜெர்மன் மொழியில் அந்தப் பெயர் ஒரு மூலிகைச் செடியின் பெயர். நடித்தவர் லூயிஸ் ப்ரூக்ஸ், அமெரிக்காவின் கான்சாஸ்காரர். ஹாலிவுட்டின் பாரமவுண்ட் நிறுவனத்தை விட்டு வந்து, அதே பாப்ஸ்டின் ‘பண்டோராவின் பெட்டி’யில் நடித்து முடித்திருந்தார். இந்தப் படத்தில் நடிக்கும்போது அவருக்கு 22 வயது.

அவளுடைய திடப்படுத்தல் சடங்கு நாளில் கதை தொடங்குகிறது. அன்றுதான் வீட்டுப் பணிப்பெண் எலிசபெத்தைத் துரத்துகிறார்கள். அவள் கர்ப்பமாக இருக்கிறாள், காரணம் தைமியனின் அப்பா. கொஞ்ச நேரத்தில் எலிசபெத்தின் உடல் தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டு வருகிறது. எலிசபெத்துக்கு என்ன ஆயிற்று, ஏன் போனாள் என்று தைமியன் கேட்கிறாள். வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை. கடையில் வேலை பார்க்கும் மைனர்ட் மட்டும் எல்லாவற்றையும் விளக்குகிறேன் என்கிறான். அன்று அவளுக்குப் பரிசாக ஒரு நாட்குறிப்பு வந்திருக்கிறது, இன்னும் ஒரு பக்கம்கூட எழுதப்படாதது. அதில் மைனர்ட் தன் கையால் எழுதுகிறான்: இரவு பத்தரை மணி, மருந்துக்கடை. அந்த இரவில் அவன் எதையும் விளக்கவில்லை. அவள் கர்ப்பமாகிறாள்.

இந்த ஒரு விஷயத்தைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும், முழுப் படமும் திறந்துகொள்ளும். படத்தின் தலைப்பே ஒரு பெண்ணின் நாட்குறிப்பு. அதன் முதல் பதிவை எழுதுவது ஓர் ஆண். அதுவும் அவள் கேட்ட கேள்வியை அவளுக்கு எதிராகவே திருப்பிவிடும் ஓர் ஆண்.

நாட்குறிப்புக்கு அதற்கப்புறம் நடப்பதைக் கவனியுங்கள். குழந்தை பிறந்ததும் அப்பன் யார் என்று சொல்ல மறுக்கிறாள். குடும்பம் கூடி நாட்குறிப்பைத் திறந்து படித்துக் கண்டுபிடிக்கிறது. அவளுடைய அந்தரங்கம் அவளுக்கே எதிரான சாட்சியாகிறது. பிறகு சீர்திருத்த இல்லத்தில் அதே நாட்குறிப்பைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். அங்கிருக்கும் பெண்கள் அதைக் கொடுக்காமல் போராடுகிறார்கள், அது பெரும் கலவரமாக வெடிக்கிறது. ஒருவன் அதில் எழுதினான், ஒரு குடும்பம் அதைத் திறந்தது, ஒரு நிறுவனம் அதைப் பறிக்க வந்தது. அவளே உட்கார்ந்து எழுதுவதற்கு மட்டும் வாய்ப்பு மிகக் குறைவு. கலவரத்துக்குப் பிறகு படத்தின் மையத்திலிருந்தே அந்தப் புத்தகம் நகர்ந்துவிடுகிறது.

கிளர்ச்சிக்காரி என்று சொன்னதும் நம் மனதில் ஒரு சித்திரம் வருகிறது. சிகரெட், குட்டைப் பாவாடை, கத்தல், கதவை அறைந்து சாத்துதல். 1920களின் அமெரிக்கப் படங்கள் அந்தச் சித்திரத்தை நன்றாக விற்றன. தைமியனிடம் அதில் ஒன்றும் கிடையாது. அவளுடைய கலகம் ஒரே சொல்லில் இருக்கிறது: மாட்டேன். மைனர்டைக் கட்டிக்கொள், மானம் காப்பாற்றப்படும் என்று குடும்பம் தீர்ப்பு எழுதுகிறது. நான் அவனைக் காதலிக்கவில்லை, மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான். அந்த ஒரு மறுப்புக்காகக் குழந்தையை மருத்துவச்சியிடம் கொடுத்துவிடுகிறார்கள், அவளைச் சீர்திருத்த இல்லத்தில் தள்ளுகிறார்கள். மைனர்டுக்கு ஒரு தண்டனையும் இல்லை. வேலைகூடப் போகவில்லை. பிற்பாடு கடையே அவன் கைக்குப் போகிறது.

சீர்திருத்த இல்லத்துக் காட்சிகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். இல்லத் தலைவரின் மனைவியாக வருபவர் வலேஸ்கா கெர்ட். அக்காலத்து பெர்லினில் பெயர்பெற்ற நடனக்காரி. அவர் தட்டும் தாளத்துக்குப் பெண்கள் வரிசையாக சூப்பை அள்ளிக் குடிக்கிறார்கள், தாளம் தப்பக் கூடாது. இரவு உடையில் உடற்பயிற்சி, அதற்கும் தாளம். தாளம் வேகமெடுக்க எடுக்க கெர்டின் முகத்தில் ஒரு பரவசம் ஏறுகிறது. ஒரு சத்தமும் இல்லாத படத்தில் அந்தத் தாளம் மட்டும் காதில் விழுகிற மாதிரியே இருக்கும். இதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், 1928இல், பீட்டர் மார்ட்டின் லம்பேலின் ‘சீர்திருத்த இல்லத்தில் கலவரம்’ நாடகம் பெர்லினில் மேடையேறிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியிருந்தது. அதாவது இந்தக் காட்சிகள் இயக்குநரின் கற்பனைப் பயங்கரம் அல்ல. இப்படிப்பட்ட இல்லங்களைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எடுக்கப்பட்டவை.

தைமியனும் எரிகா என்ற தோழியும் தப்பிக்கிறார்கள். உதவுபவன் ஆஸ்டார்ஃப் என்ற இளம் பிரபு. எந்த வேலைக்கும் லாயக்கில்லாதவன் என்று பெரியப்பா ஸ்தானத்தில் இருந்த கிழப் பிரபு அவனைக் கைகழுவியிருக்கிறார். தைமியன் குழந்தையைத் தேடி ஓடுகிறாள். மாடிப்படியில் ஒருவன் சின்னஞ்சிறு சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு எதிரே இறங்கி வருகிறான். அதன் பிறகு அவள் வந்து சேர்வது ஒரு விபச்சார விடுதி. அங்கேதான் முதல்முறையாக அவளிடம் மனிதர்கள் மனிதர்களாகப் பேசுகிறார்கள். விடுதியை நடத்தும் வயதான பெண்மணி பாட்டி மாதிரி சிரிக்கிறார். அவளுடைய நடுத்தர வர்க்கச் சூழலோடு ஒப்பிட்டால் இந்த விடுதி ஓர் ஆரோக்கிய வாசஸ்தலம் போலிருக்கிறது என்ற பொருளில் சீக்ஃபிரீட் க்ராகவர் 1947இல் எழுதினார். அது கிண்டலாகவும் இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது.

இப்போது முடிவுக்கு வருவோம். அதற்குச் சற்று முன்னால் நடக்கும் ஒரு காட்சியை விட்டுவிட்டு முடிவைப் பேச முடியாது.

அப்பா இறந்துபோகிறார். தைமியனுக்குப் பரம்பரைச் சொத்தாகப் பெரிய தொகை வருகிறது. அப்பாவின் இரண்டாம் மனைவி மெட்டா, தைமியனை வீட்டைவிட்டு அனுப்பியதில் முக்கியப் பங்கு வகித்தவள், இப்போது சின்னப் பிள்ளைகளோடு தெருவுக்கு வரும் நிலை. பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. தைமியன் அந்தச் சிறுமியைப் பார்க்கிறாள். இந்தப் பெண்ணும் என்னைப் போல ஆகிவிடக் கூடாது என்று பணத்தை அப்படியே கொடுத்துவிடுகிறாள். வீடு திரும்பினால் ஆஸ்டார்ஃப் காத்திருக்கிறான். அந்தப் பணத்தை நம்பித்தான் அவன் புது வாழ்க்கைக்குத் திட்டம் போட்டிருந்தான். பணம் இல்லை என்று தெரிந்ததும் ஜன்னல் வழியாகக் குதித்துச் சாகிறான்.

இந்த இரண்டு காட்சிகளையும் பாப்ஸ்ட் அடுத்தடுத்து வைத்திருப்பதில்தான் அவருடைய கறார்த்தன்மை தெரிகிறது. படத்திலேயே மிகுந்த அன்போடு செய்யப்படும் காரியம் ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறது, இன்னொரு மனிதனைக் கொல்கிறது. அன்பு காட்டியதற்குப் பரிசு கிடைக்கவில்லை. அன்பு என்பது எல்லாவற்றையும் சரிசெய்யும் மருந்து இல்லை என்று கையால் தொட்டுக் காட்டுவது மாதிரியான காட்சி அது.

மருமகனின் சாவில் குற்றவுணர்வு கொண்ட கிழப் பிரபு ஆஸ்டார்ஃப் தைமியனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். அவளுக்கு மரியாதை வருகிறது, நல்ல உடை வருகிறது, பெரிய குடும்பத்துப் பெயர் வருகிறது. தவறிப்போகும் பெண்களைக் காப்பாற்றும் சீமாட்டிகள் சங்கம் ஒன்று அவளைத் தங்களுக்குள் சேர்த்துக்கொள்கிறது. சங்கத்தோடு அவள் போய் இறங்கும் இடம், ஒரு காலத்தில் அவளை அடைத்துவைத்திருந்த அதே இல்லம். மேசைக்கு இந்தப் பக்கம் தைமியன். அந்தப் பக்கம், திருத்தவே முடியாத கேஸ் என்று இழுத்துவரப்பட்ட எரிகா.

இங்கே நிறுத்தி யோசித்துப் பாருங்கள். அவள் அமைதியாக இருந்தால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. கொஞ்சம் நல்லவளாக இருக்க விரும்பினால், “பாவம், இந்தப் பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாமே” என்று சீமாட்டியாகவே இருந்து சிபாரிசும் செய்யலாம். தைமியன் இரண்டையும் செய்யவில்லை. நானும் இங்கே இருந்தவள்தான், இந்த இடம் தரும் நன்மை என்னவென்று எனக்குத் தெரியும் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறாள். எரிகாவின் பக்கம் போய் நிற்கிறாள். கிடைத்த மரியாதை எதன்மேல் நின்றதோ அந்த மௌனத்தையே உடைத்துவிடுகிறாள். முதலில் சொன்ன ‘மாட்டேன்’தான் இதுவும். அன்று அவளிடம் இழக்கக் குழந்தை இருந்தது. இன்று இழக்க ஓர் அந்தஸ்து இருக்கிறது.

இதன் மதிப்பு தெரிய, அதே காலத்தில் அமெரிக்காவில் செசில் பி. டிமில் எடுத்த ‘கடவுளற்ற பெண்’ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதிலும் அடங்காத பெண், அதிலும் சீர்திருத்த இல்லம், அதிலும் கொடுமை. அந்தப் படத்தின் ஜூடி பள்ளிக்கூடத்தில் நாத்திக சங்கம் நடத்துகிறவள். இல்லத்தின் மின்வேலியைப் பிடித்து அவள் உள்ளங்கைகளில் விழும் தீக்காயம் சிலுவை வடிவத்தில் இருக்கிறது. கடைசியில் கொடுமைக்காரக் காவலனையே தீயிலிருந்து காப்பாற்றுகிறார்கள், விடுதலை கிடைக்கிறது. இல்லம் கொடியது என்று டிமிலும் காட்டத்தான் செய்கிறார். ஆனால் மாற வேண்டியவள் அந்தப் பெண்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பாப்ஸ்டின் படத்தில் தைமியன் மாறவில்லை, வருந்தவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. விபச்சார விடுதியில் இருந்ததற்காக ஒரு சொட்டுக் கண்ணீரையும் படம் அவளிடமிருந்து வசூலிக்கவில்லை. அந்தக் காலத்துப் படத்தில் இது எவ்வளவு அபூர்வம்!

லூயிஸ் ப்ரூக்ஸின் நடிப்பும் இதற்குக் காரணம். அவர் நடிக்கவே இல்லை, சும்மா நிற்கிறார் என்று அந்நாளில் குறை சொன்னவர்கள் உண்டு. மௌனப் படத்தின் பெரிய பெரிய முகபாவங்களுக்குப் பழகிய கண்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அந்தச் சும்மா நிற்றல்தான் இந்தக் கடைசிக் காட்சியில் வேலை செய்கிறது. தியாகி முகம் இல்லை, வெற்றி முகம் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்கிற ஒருத்தியின் முகம்.

இதோடு படம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கிழப் பிரபு வாய் திறக்கிறார். இன்னும் கொஞ்சம் அன்பு இருந்தால் இந்த உலகத்தில் யாரும் தொலைந்துபோக மாட்டார்கள் என்ற பொருளில் ஒரு டைட்டில் கார்டு. படம் முடிகிறது.

அவருடைய வாயில் இந்த வரி பொய்யில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மருமகனைக் கைகழுவியவர் அவர். கொஞ்சம் அன்பு காட்டியிருந்தால் அந்தப் பையன் செத்திருக்க மாட்டான் என்பது அவரைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கலாம். ஒரு கிழவரின் சொந்தப் பாவமன்னிப்பாக எடுத்துக்கொண்டால் மனதைத் தொடுகிற வரிதான். சிக்கல் என்னவென்றால், கடைசி வரி என்பதால் அது அவருடைய வரியாக மட்டும் நிற்பதில்லை. முழுப் படத்தின் தீர்ப்பாகிவிடுகிறது. அந்தத் தீர்ப்பைப் படமே ஏற்கனவே மறுத்துவிட்டது. எலிசபெத் செத்தது அன்புக் குறைவாலா? அவளைத் தொட்டவருக்கு வீட்டில் இருந்த அதிகாரத்தாலும், அவளுக்குப் போக்கிடம் இல்லாததாலும் செத்தாள். தைமியனின் குழந்தை செத்தது அன்புக் குறைவாலா? தாயிடமிருந்து பிடுங்கப்பட்டதால் செத்தது. அதைப் பிடுங்கியவர்கள் எல்லாரும் அவளுடைய நன்மைக்காகத்தான் என்று நம்பினார்கள். சூப் குடிக்கத் தாளம் தட்டியவர்களும் திருத்துகிறோம் என்றுதான் தட்டினார்கள். இந்தப் படத்தில் அக்கறைக்குப் பஞ்சமே இல்லை. அக்கறை காட்டுகிறவர்களிடம் சாவியும் இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

‘தொலைந்துபோதல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் தலைப்பில் இருக்கும் சொல்லுக்குத் தொலைந்தவள் என்றும் பொருள், கெட்டுப்போனவள் என்றும் பொருள். தமிழில் இரண்டும் வேறு வேறு சொற்கள் என்பது நமக்கு ஒரு வசதி. ஆனால் இரண்டிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. தொலைந்தாள், கெட்டுப்போனாள். யார் தொலைத்தது, யார் கெடுத்தது என்ற கேள்விக்கு வாக்கியத்தில் இடமே இல்லை. மென்பொருள் வேலையில் சர்வர் விழுந்தால் அறிக்கை எழுதுவோம். “கான்ஃபிகரேஷன் மாற்றப்பட்டது” என்று எழுதி அனுப்பினால் சீனியர் யாராவது திருப்பி அனுப்புவார்கள்: எப்போது, எந்த அனுமதியில், மாற்ற விட்டது எது? ஆளைத் தூக்கில் போடுவதற்காகக் கேட்பதில்லை. அது தெரியாவிட்டால் அடுத்த வாரம் அதே சர்வர் மறுபடி விழும் என்பதற்காகக் கேட்பது. கிழவரின் வரி அப்படித் திருப்பி அனுப்பப்பட வேண்டிய அறிக்கை. மைனர்டின் பெயர் அதில் இல்லை, அப்பாவின் பெயர் இல்லை, இல்லத்தின் பெயர் இல்லை. கொஞ்சம் அன்பு குறைந்துவிட்டது, அவ்வளவுதானாம்.

இந்த முடிவு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. மூலம் மார்கரெத்தே போமே 1905இல் வெளியிட்ட நாவல். உண்மையான நாட்குறிப்பைத் தான் தொகுத்ததாகச் சொல்லி அவர் வெளியிட்ட அது, ஜெர்மனியில் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. நாவலில் தைமியன் செத்துவிடுகிறாள். படத்தில் பாப்ஸ்ட் அவளை வாழவிட்டார். நாவலின் முடிவோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய முன்னேற்றம். ஆனால் தணிக்கை படத்தை விடவில்லை. வெளியான சில மாதங்களிலேயே தடை, பிறகு வெட்டுகளோடு மறு அனுமதி. திரைக்கதை எழுதிய ருடால்ஃப் லியோன்ஹார்ட், தாங்கள் எழுதியதில் பாதியைச் சற்றுத் தாண்டியதுமே படம் முடிந்துவிடுவதாகப் பின்னாளில் சொன்னார். வெட்டுப்பட்ட பகுதிகளில் நிறைய 1990களின் மறுசீரமைப்பில் திரும்ப வந்தன. கிழவரின் கார்டு அங்கேயேதான் இருக்கிறது.

தணிக்கையைக் காரணம் காட்டி அந்த வரியை மன்னித்துவிடலாம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு உடன்பாடில்லை. நெருக்கடியில் ஒருவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதும் படைப்பின் பகுதிதான். பாப்ஸ்ட் தைமியனின் வருத்தத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவளை அழவைத்து, மண்டியிடவைத்து, மன்னிக்கவைத்திருந்தால் தணிக்கைக்காரர்கள் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அதைச் செய்யாமல், கடைசிச் சொல்லை மட்டும் ஒரு பெரிய மனிதரிடம் கொடுத்தார். நாட்குறிப்பின் முதல் பதிவு மைனர்டின் கையெழுத்து, படத்தின் கடைசி வாக்கியம் கிழப் பிரபுவின் வாய்மொழி. ஒருவன் அவளை ஏமாற்ற எழுதினான், இன்னொருவர் அவளுக்கு நல்லது நினைத்துப் பேசினார். நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவளுடைய கதையை அவளுக்குப் பதிலாக இன்னொருவர் எழுதுவதில் மட்டும் வித்தியாசமில்லை.

அதனால்தான் முடிவை முழுசாகச் சொதப்பல் என்று ஒதுக்குவதில் எனக்கு வருத்தம். அப்படிச் சொல்லும்போது கார்டை வைத்துத்தான் படத்தை அளக்கிறோம். அவள் செய்ததைவிட அவர் சொன்னதுதான் நம் ஞாபகத்தில் நிற்கிறது என்று ஆகிவிடுகிறது. ஓர் ஆணின் வாக்கியம் ஒரு பெண்ணின் செயலை மூடிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டே நாமும் அதையே செய்கிறோம்.

மௌனப் படத்துக்கு ஒரு சலுகை இருக்கிறது. உதடு அசைவது வேறு, கார்டில் வரும் சொல் வேறு. ஒன்றை நம்பி இன்னொன்றை நம்பாமல் இருக்க நமக்கு இடம் உண்டு. பார்க்காதவர்கள் இந்தப் படத்தைப் பாருங்கள். பார்த்தவர்கள், எரிகா அறைக்குள் கொண்டுவரப்படும் இடத்திலிருந்து இன்னொரு தடவை பாருங்கள். கிழவரை விட்டுவிட்டு அந்த இரண்டு பெண்களையும் மட்டும் பாருங்கள். ஒருத்தி மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறாள். அங்கே போய் நின்ற பிறகு திரும்பிப் பார்த்து யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.